ஆட்லர் கோளரங்கத்தாருக்கும் எங்கள் மகளுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிக்காகோ நகரின் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் வாழும் எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். எங்கள் மகள் 2018ஆம் ஆண்டுக் கோடையில், தன் பதினாறாம் வயதில், ஆட்லர் கோளரங்கத்தில் பதின்வயதினருக்கான பயிற்சிப் பணியில் சேர்ந்தாள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இப்போது இந்நகரின் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றிருக்கிறாள். அவள் ஆசிரியரான வழி அந்தக் கோடையில்தான் தொடங்கியது என்பதை உடனிருந்து பார்த்தவள் என்ற முறையில், அதற்குக் காரணமானவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. கோளரங்கத்தாருக்கு ஆங்கிலத்தில் தனியாக மடல் அனுப்பியிருக்கிறோம். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், எங்களுக்குக் கைகொடுத்தவர்களில் தமிழர்கள் சிலரும் உண்டு என்பதும், இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதை அறியாத தமிழ்ப் பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதும்தான்.

ஊரிலிருந்து இம்மடலை வாசிப்போருக்காக அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மிச்சிகன் ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் முனையில், பன்னிரண்டு பக்கங்களோடு நிற்கும் கற்கட்டடம் அது. சியர்ஸ் வணிக நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற மாக்ஸ் ஆட்லர் என்பவர், ஜெர்மனியில் கோளரங்கத்தைக் கண்டு வியந்து, அப்படியொன்று தம் ஊர் மக்களுக்கும் வேண்டும் என்று நிதி தந்து எழுப்பியது. 1930 மே 12 அன்று திறக்கப்பட்டபோது, அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் அதுவே முதல் கோளரங்கம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவர் வாங்கிச் சேர்த்த விண்மீன்களின் இருப்பிடத்தை அளக்கும் பழைய அஸ்ட்ரோலேப் கருவிகளும் சூரியக் கடிகாரங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. 1966 நவம்பரில் ஜிம் லவலும் பஸ் ஆல்ட்ரினும் பூமியைச் சுற்றிவந்த ஜெமினி 12 விண்கலமும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை பெருமையுள்ள இடத்தில், பள்ளிப் பிள்ளைகளை ஓரமாக நிறுத்திக் காகிதம் அடுக்கச் சொல்லாமல், பார்வையாளர்களுக்கு முன்னால் நிறுத்தி வானியலை விளக்கச் சொன்னார்கள். என் நன்றியின் அடிப்படை அதுதான்.

முதலில், அந்தப் பணிக்கு ஊக்கத்தொகை கிடைக்கச் செய்த நன்கொடையாளர்களுக்கு நன்றி. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவள். என் கணவர் டெவன் தெருவில் மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். கோடை விடுமுறை என்றால் எங்கள் பிள்ளைகளும் ஏதாவதொரு கடையில் நின்று தங்கள் செலவுக்குத் தாங்களே சம்பாதிப்பதுதான் வழக்கம். அதே ஆண்டில் வேறொரு நிறுவனம் ஊதியமில்லாத பயிற்சி இடத்தை அவளுக்கு வழங்க முன்வந்தது. தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கிடைப்பதே பெரும் பேறு என்றார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது பேறாக இருக்கலாம். எங்களைப் போன்றோருக்கு அது மூடிய கதவு. உழைப்புக்குப் பணம் கொடுத்தால்தான் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குள் பணியாளராக நுழைய முடியும் என்பதை உணர்ந்து, பெயர் தெரியாத எங்கள் பிள்ளைக்காகப் பணம் ஒதுக்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் தந்த தொகையில் அவள் வாங்கிய முதல் பொருள் தன் பாட்டிக்கு ஒரு சால்வை. மீதியை இரயில் அட்டைக்கும் புத்தகங்களுக்கும் வைத்துக்கொண்டாள்.

அடுத்து, அவளைப் பயிற்றுவித்த வழிகாட்டிகளுக்கு நன்றி. தங்கள் பெயரைப் பொதுவில் குறிப்பிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவர்கள் கற்பித்த முறையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதையே என் மகள் இன்று தன் வகுப்பில் கையாள்கிறாள். கோளரங்கத்தில் ஆட்வுட் கோளம் என்று ஒன்று உண்டு. சிக்காகோ அறிவியல் கழகத்துக்காக 1913இல் செய்யப்பட்ட பெரிய உலோகக் கோளம். அதன் மேல் 692 துளைகள் இடப்பட்டிருக்கின்றன. உள்ளே விளக்கு எதுவும் இல்லை. நாம் கோளத்துக்குள் இருட்டில் அமர்ந்துகொள்ள, வெளி வெளிச்சம் அந்தத் துளைகள் வழியே கசிந்து விண்மீன்களாகத் தெரியும். மோட்டார் கோளத்தைச் சுழற்ற, அவை கிழக்கே எழுந்து மேற்கே மறையும். பிரகாசமான விண்மீனுக்குப் பெரிய துளை, மங்கலானதற்குச் சிறிய துளை. இதை விளக்க அவள் மனப்பாடம் செய்துகொண்டு போன நீண்ட உரையை வழிகாட்டிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலில் வந்திருப்பவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று அவர்களையே கேள், பதில் வரும் வரை காத்திரு, அந்தப் பதிலிலிருந்து உன் விளக்கத்தைத் தொடங்கு என்றார்களாம். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வாரங்களில் வீட்டில் உணவு மேசையில் நாங்களே கண்டோம். எங்களிடமும் கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருந்து பழகினாள்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து தேடலாம் என்று அழைக்கவும் அவர்கள் பழக்கினார்கள். நாங்கள் வளர்ந்த பள்ளிகளில் அந்தச் சொல்லுக்கு இடமிருக்கவில்லை. ஆசிரியரும் அதைச் சொல்லமாட்டார், மாணவரும் சொல்லத் துணியமாட்டார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அருங்காட்சியகத்தின் அடையாள அட்டையை அணிந்துகொண்டு, தன் தந்தை வயதுள்ள பார்வையாளரிடம் அதை நிமிர்ந்து சொல்வதை ஒரு நாள் தூரத்தில் நின்று பார்த்தேன். அவளை நம்பி அங்கே நிறுத்தியவர்களை அன்று மனத்துக்குள் வணங்கினேன்.

பயிற்சியின் பிற்பகுதியில், ஒவ்வொருவரும் தாங்களே ஒரு சிறு செய்விளக்கத்தை உருவாக்க வேண்டும் என்றார்கள். என் மகள் சுப்பிரமணியன் சந்திரசேகரைத் தேர்ந்தெடுத்தாள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், இக்கோளரங்கம் திறக்கப்பட்ட அதே 1930ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களைப் பற்றிய கணக்கைத் தொடங்கினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குறு மீன் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவு அவருடையது. 1937 முதல் 1995இல் மறையும் வரை அவர் பணியாற்றியது இந்தச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில்தான். 1983இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவையும் ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவாய் என்று வழிகாட்டி கேட்டபோது அவள் திகைத்திருக்கிறாள். பிறகு, ஒரு மீட்டர் அகலமுள்ள பெரிய பந்தைச் சூரியனாக வைத்து, ஒன்பது மில்லிமீட்டர் மணி ஒன்றைப் பூமியாக வைத்து, அந்தப் பந்திலுள்ள அனைத்தையும் இந்த மணிக்குள் அடக்கினால் அதுதான் வெண்குறு மீன் என்று குழந்தைகளின் உள்ளங்கையில் அந்த மணியை வைத்துக் காட்டினாள். அதைக் காண என் மாமியாரை அழைத்துச் சென்றிருந்தோம். கூட்டம் குறைந்ததும் பாட்டிக்காக முழுவதையும் தமிழில் மீண்டும் ஒருமுறை செய்து காட்ட அவளுக்கு நேரம் ஒதுக்கித் தந்த தளப் பொறுப்பாளருக்கும், அத்தைக்கு நாற்காலி கொண்டுவந்து போட்ட காவலருக்கும் எங்கள் குடும்பத்தின் தனிப்பட்ட நன்றி.

அதே காலத்தில் அங்கே பதின்வயதினர் பங்குகொண்ட இன்னொரு பணியைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை, என் மகள் அதில் நேரடியாகச் சேர்ந்தவள் அல்லள் என்றாலும். 2017 பிப்ரவரி 6 அன்று விடியலுக்கு முன்பாக, பெரிய எரிகோளம் ஒன்று வானில் சீறி, விஸ்கான்சின் கரைக்கு அப்பால் மிச்சிகன் ஏரியில் சிதறி விழுந்தது. வானிலை ரேடார்களில் அதன் துண்டுகள் விழுந்த தடம் பதிவாகியிருந்ததால், எங்கே தேட வேண்டும் என்பது ஓரளவு தெரிந்தது; ஆனால் ஏரியின் அடித்தளத்தில் விண்கல் துண்டுகளைத் தேடி எடுக்க ஆயத்தமான கருவி எதுவும் கடையில் கிடைக்காது. ஆட்லர் கோளரங்கம், ஃபீல்டு அருங்காட்சியகம், ஷெட் மீன்காட்சியகம் ஆகியவற்றின் அறிஞர்கள் அந்தக் கருவியை வடிவமைக்கும் பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பெரும்பாலான விண்கற்களில் இரும்பு கலந்திருப்பதால் காந்தத்துக்கு ஒட்டும் என்ற ஒரே பிடிமானத்தை வைத்துக்கொண்டு, ஏரித்தரையில் இழுத்துச் செல்லக்கூடிய, காந்தங்கள் பொருத்திய சறுக்குவண்டியைப் பிள்ளைகள் உருவாக்கினார்கள். என் மகள் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு வந்து அவர்களுடைய சோதனைகளைப் பற்றித்தான் பேசுவாள்: எந்தக் காந்தம் வலுவானது, ஏரியின் அடியில் அடர்ந்து கிடக்கும் சிப்பிகளுக்கு மேல் வண்டி எப்படி நகரும், ஒட்டிவரும் துகள்களில் விண்வெளியிலிருந்து வந்தது எது, கப்பல்களும் தொழிற்சாலைகளும் விட்டுச்சென்ற இரும்பு எது என்பதை எப்படிப் பிரித்தறிவது. விடை முன்கூட்டியே எவருக்கும் தெரியாத ஒரு வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த அந்தத் துணிவுக்கு, அறிவியலைக் காதலிக்கும் எல்லாப் பெற்றோரும் கடன்பட்டவர்கள் என்றே கருதுகிறேன்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கோளரங்கம் மூடப்பட்டது. அவள் பன்னிரண்டாம் வகுப்பை வீட்டு அறைக்குள்ளேயே முடித்தாள். பட்டமளிப்பு மேடை இல்லை, நண்பர்கள் இல்லை. நான் பணிபுரிந்த மருத்துவமனையின் நிலையை அன்று அனைவரும் அறிவர். வீட்டுக்கு வந்தாலும் பிள்ளையைத் தொட அஞ்சி விலகியிருந்தேன். அந்த மாதங்களில் பழைய வழிகாட்டி ஒருவர் விடாமல் அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆட்லர் அறிஞர்களும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களும் சேர்ந்து நடத்தும், பொதுமக்களும் ஆய்வில் பங்குகொள்ளும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில், தொலைநோக்கிப் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் பணியைத் தொடரச் சொன்னார். கல்லூரி விண்ணப்பக் கட்டுரையையும் வாசித்துத் திருத்தம் சொன்னார். பயிற்சிக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட ஒரு பெண்ணுக்காக அவர் இதைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அந்த நெருக்கடியில் என்னால் செய்ய முடியாததை அவர் செய்தார்.

அவள் கார்பண்டேலில் உள்ள தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தாள். 2017 ஆகஸ்ட் 21, 2024 ஏப்ரல் 8 என்று ஏழாண்டுகளுக்குள் இரண்டு முழுச் சூரிய கிரகணங்களைக் கண்ட ஊர் அது. இரண்டாவது கிரகணத்தின்போது அவள் இறுதிப் பருவத்தில் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் திரண்ட மக்களுக்கு வடிகட்டிக் கண்ணாடியை எப்போது அணிய வேண்டும், எப்போது கழற்றலாம் என்று விளக்கும் தன்னார்வலராக நின்றாள். சிக்காகோவிலிருந்து வந்திருந்த கோளரங்கத்தாரிடையே அவளுடைய பழைய வழிகாட்டியும் இருந்தார். நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் நீடித்த அந்த இருளை இருவரும் அருகருகே நின்று பார்த்ததாகத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

இனி, நம்மவர்களுக்கு. அவளுடைய விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதிய பள்ளி இயற்பியல் ஆசிரியர் தமிழர் அல்லர் என்றாலும் அவரையும் நம்மவராகவே எண்ணுகிறேன். எங்கள் தெருவில் வாழும் யாழ்ப்பாணத்து அக்காவும் அண்ணனும், நான் இரவுப் பணிக்குப் போன நாட்களில் அவள் ரெட் லைன் இரயிலிலிருந்து இறங்கும் நேரத்துக்கு நிலையத்தில் காத்திருந்து வீடுவரை அழைத்து வந்தார்கள். ரூஸ்வெல்ட் நிலையத்தில் இறங்கி 146ஆம் எண் பேருந்தைப் பிடிப்பது எப்படி என்று முதல் நாள் கூடவே போய்க் காட்டியவரும் அந்த அக்காதான். வயதுப் பெண்ணைத் தனியே நகரின் மறுகோடிக்கு அனுப்புவதா என்று நாங்கள் தயங்கியபோது, "பிள்ளை படிக்கத்தானே போகுது, நாங்க பாத்துக்கொள்றம், விடுங்கோ" என்று அவர் சொன்ன சொல்லை நம்பித்தான் அனுப்பினோம். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில், திருவாதிரையையும் கார்த்திகையையும் வான வரைபடத்தில் காட்டிக்கொடுத்த ஆசிரியைக்கும் நன்றி. அவள் கோளரங்கத்துக்குப் போவதற்கு முன்பே அந்த விண்மீன்களை அறிந்திருந்தாள்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கோடையென்றால் கணினிப் பயிற்சி முகாம் ஒன்றே வழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உங்கள் நகரின் அருங்காட்சியகம், கோளரங்கம், மீன்காட்சியகம் எதுவாயினும், பதின்வயதினருக்கான பணி இருக்கிறதா, ஊக்கத்தொகை உண்டா என்று நேரில் கேளுங்கள். கோடைப் பணிக்கான விண்ணப்பக் காலம் பெரும்பாலும் கோடைக்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதால் குளிர்காலத்திலேயே கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வாருங்கள். என் மகள் அங்கே அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாள்.

நன்றியுடன்,
ரோஜர்ஸ் பார்க்கிலிருந்து ஒரு தாய்