ஒதுக்கினதா, செலவழித்ததா?

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

போன கிழமை போனில் கேட்டாய், "எங்களைப் போல சாதாரண சனம் கத்தி என்னம்மா ஆகப் போகுது?" என்று. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

எங்கள் கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் இருக்கிற இரணைதீவுச் சனத்தை நினைத்துப் பார். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். ஊருக்குப் போக விடு என்று 2017 மே 1ஆம் திகதி போராடத் தொடங்கினார்கள். ஒரு வருசம் ஆகப்போகும்வரை ஒரு அசைவும் இல்லை. 2018 ஏப்ரல் 23 காலையில் தங்கள் படகுகளிலேயே ஏறிப் போய்த் தீவில் இறங்கிவிட்டார்கள். அங்கே இருந்த கடற்படை பார்த்துக்கொண்டு நின்றது. கையில் இருந்தது படகு, கேட்டது ஒரேயொரு ஊர்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு இங்கே கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இல் குந்தின அம்மாமாருக்கு இன்னும் பதில் இல்லை. நானும் அங்கே போய் இருந்திருக்கிறேன். அதைப் பலன் பார்த்து எடைபோட எனக்கு மனம் வராது.

எங்கள் மதகுக் கதையைக் கேள். மாரியில் உடைந்தது, மூன்று மனு கொடுத்தோம், வோட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த முறை மாதர் சங்கத்தில் இருந்து தகவல் கேட்டு எழுதினோம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ். "ஏன் கட்டவில்லை?" என்றுதான் நான் முதலில் எழுதினேன். முன்வீட்டுப் பிள்ளை அதை வெட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டால் கதை சொல்வார்களாம். "எந்த ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தத்தின் பிரதி தரவும்" என்று எழுதினாள். கெட்டிக்காரி, உன் வகுப்பில் படித்திருந்தால் உனக்கு இரண்டாம் இடம்தான்.

"வைச்சிட்டுப் போங்கோ அம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். எங்கள் பிரதியில் திகதி முத்திரை விழும்வரை நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும். அந்த முத்திரையில் இருந்துதானே அவர்கள் முடிவு சொல்லவேண்டிய 14 வேலை நாள் கணக்கு ஓடும்.

பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். தமிழில் கேட்டவர்களுக்கு இப்படி அனுப்ப எப்படித்தான் மனம் வந்ததோ.

நீ எங்கள் படங்களை முகநூலில் போடுகிறாய், சரி, போடு. ஆனால் கொழும்பில் நாலு வருசம் வேலை செய்து பழகின சிங்களம் உன்னிடம் இருக்கிறது, இங்கே எங்களில் ஒருவருக்கும் இல்லை. இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பந்தியில் ஒரு தொகை இருக்கிறது, அது ஒதுக்கினதா செலவழித்ததா என்று மட்டும் முதலில் சொல். மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான், அதில் நாலு போய்விட்டது.

அம்மா