தீவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அந்தமானில் ஓர் அறை பார்த்துவிட்டாய் என்றும், இனிக் கடலையும் தீவையும் தவிர வேறெதையும் வரையப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். சாட்சிக்கு ஜப்பானிய ஓவியர் தனாகா இஸ்ஸோனை வேறு கூட்டி வந்திருக்கிறாய். ஐம்பது வயதில் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தீவுக்குப் போன மனிதர், ஜப்பானின் கோகன் என்று. போகலாமா என்று நீ என்னைக் கேட்கவில்லை, ஆகவே அதற்குப் பதில் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் இஸ்ஸோனின் கதையை நீ பாதியிலிருந்து தொடங்குகிறாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோகன் பட்டத்தைக் கழற்றி வைத்துவிடு. பசிபிக் தீவான தஹிதிக்குப் போன பிரெஞ்சு ஓவியர் கோகன் அந்த ஊர்ப் பெண்களைப் படத்தின் நடுவில் உட்கார வைத்தார். இஸ்ஸோனின் தீவுப் படங்களில் மனிதர்களே அரிது. இலை, பழம், பறவை, மீன், அவற்றின் இடுக்கில் கொஞ்சம் கடல். பத்திரிகைகளுக்குத் தலைப்புக்கு வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த ஒப்பீட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இஸ்ஸோன் 1908-இல் பிறந்தவர். சிற்பியான தந்தை பையனின் கையைச் சீக்கிரமே கண்டுகொண்டார். ஏழெட்டு வயதிலேயே சீனப் பாணியில் மையோவியம் வரைந்து பெயர் வாங்கினான். 1926-இல் டோக்கியோ கலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. பின்னாளில் நாடே கொண்டாடிய ஓவியர் ஹிகாஷியாமா காயி அதே வகுப்பு. சில மாதங்களிலேயே படிப்பு நின்றது. அடுத்த பத்தாண்டுகளில் பெற்றோரும் தம்பிகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மிஞ்சியவர்களோடு டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிபாவுக்குக் குடிபெயர்ந்து, காய்கறி பயிரிட்டு, கோழி வளர்த்து, இடையே வரைந்தார். 1947-இல் கவாபதா ரியூஷி என்ற ஓவியர் நடத்திய கண்காட்சியில் ஒரு படம் தேர்வானது. அதன் பிறகு பெரிய கண்காட்சிகளுக்கு அனுப்பியவை பெரும்பாலும் திரும்பி வந்தன. ஆக, 1958 டிசம்பரில் அமாமி ஓஷிமா தீவில் போய் இறங்கியவருக்கு நாற்பதாண்டுக் கைப்பழக்கம் இருந்தது. உனக்கு எத்தனை ஆண்டு என்று நான் கேட்கவில்லை, நீயே எண்ணிக்கொள்.

மிஞ்சியவர்கள் என்றேனே, அதில் ஒருத்தி கிமிகோ, அவருடைய அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. கோட்டோ வாத்தியம் தெரிந்தவர். தம்பி வரைய வேண்டும் என்பதற்காகச் சிபாவில் இருபதாண்டுகள் உடன் இருந்தார். தீவுக்குப் போகும் பணத்துக்காக இஸ்ஸோன் விற்றது அவர்கள் இருவரும் வாழ்ந்த வீட்டை. 'எல்லாவற்றையும் உதறிவிட்டு' என்று ஒரே மூச்சில் சொல்கிறாயே, அந்த 'எல்லாவற்றிலும்' இந்த அக்காவும் உண்டு. 1965-இல் கிமிகோ இறந்தபோது அவர் சிபாவுக்கு வந்து, அஸ்தியை எடுத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பினார். இந்தக் கதையை ஓர் அக்கா வாசிக்கும் விதமே வேறு, அதை நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அமாமி, கியூஷுவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவில் இருக்கும் தீவு. போருக்குப் பின் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்து, 1953-இன் கடைசியில்தான் ஜப்பானிடம் திரும்பி வந்தது. அங்கே தொடக்கத்தில் அவர் தங்கியது தொழுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு குடியிருப்பில். குடும்பத்தைப் பிரிந்து கிடந்த நோயாளிகள் தங்களிடம் இருந்த பழைய புகைப்படங்களைக் கொடுக்க, அதைப் பார்த்து அவர்களுடைய உறவினர்களின் முகங்களை வரைந்து கொடுத்தார். அவருடைய புகழ்பெற்ற படங்களின் வரிசையில் இவை வருவதில்லை. எனக்கு என்னவோ தீவில் அவர் வரைந்தவற்றில் முதலில் நினைவுக்கு வருவது இவைதான்.

பிறகு அவர் போட்ட திட்டம் ஒரு குமாஸ்தாவின் கணக்கைப் போல இருந்தது. ஐந்து ஆண்டு கூலி வேலை, சேமிப்பு. மூன்று ஆண்டு ஓவியம் மட்டும். மறுபடி இரண்டு ஆண்டு வேலை, அந்தப் பணத்தில் ஒரு கண்காட்சி. அமாமியின் பெயர்பெற்ற தொழில் ஓஷிமா ட்சுமுகி என்ற பட்டு நெசவு. மரச் சாற்றிலும் இரும்புச் சத்துள்ள சேற்றிலும் மாற்றி மாற்றித் தோய்த்து நூலைக் கறுப்பாக்குவார்கள். அந்த ஆலை ஒன்றில், நூலில் வடிவத்துக்கு ஏற்றபடி சாயத்தைத் தேய்த்து ஏற்றும் தொழிலாளியாக 1962-இல் சேர்ந்தார். 1967 முதல் 1970 வரையான மூன்று ஆண்டுகள்தான் ஓவியத்துக்குக் கிடைத்தன. இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அந்த மூன்று ஆண்டுகளின் விளைச்சல். அவருடைய இலைகளின் கறுப்பில் ஒரு சேற்றின் ஆழம் இருக்கிறது. அது ஆலையில் கற்றது என்பது என் ஊகம், எந்த நிபுணரும் சொன்னதல்ல.

இனி நீ சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அந்தப் படத்துக்கு வருவோம். 1969-இல் பட்டில் வரைந்தது. தாழம்புதர், நம் கடற்கரைகளில் நிற்கும் அதே தாழைதான். நாம் பூவுக்காக மட்டும் அதை நினைக்கிறோம். மணக்கும் தாழம்பூ ஆண் செடியுடையது, இஸ்ஸோன் வரைந்ததோ பெண் செடியின் பழம். அன்னாசி போல் கட்டி கட்டியாய், மஞ்சளும் செம்மஞ்சளுமாய், யாரும் பறிக்காத பழம். வாள் போன்ற இலைகளின் முள் விளிம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. எல்லோர் கண்ணும் பழத்திலேயே நின்றுவிடும். அவரோ ஒரு கடிதத்தில், தன் முதன்மையான நோக்கம் மாலை மேகங்களும் கரையின் கறுப்பு வெள்ளைப் பொடிக்கற்களும்தான், அதில் வெற்றி பெற்றதாக நம்புகிறேன் என்று எழுதினார். உன் பிரதியில் கீழ்ப்பகுதியைக் கிட்டப் போய்ப் பார். அலை வந்து நனைத்துவிட்டுப் போன இடத்தில் கற்கள் தனித்தனியாகக் கிடக்கும். அத்தனையையும் வரைந்து முடித்தபின் கையெழுத்துப் போடக்கூடத் தெம்பில்லை என்றார். அதனால் அந்தப் படத்தில் கையெழுத்தும் முத்திரையும் இல்லை.

இன்னொரு பெரிய படம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். காட்டுச் சேம்பும் சைகஸ் என்ற ஈந்தும் திரைபோல் அடைத்து நிற்க, நடுவில் ஒரு சின்னத் திறப்பு. அதில் கடல், கடலில் ஒரு பாறை. கடலுக்கு அப்பாலிருந்து வரும் தெய்வம் தங்கும் இடமாகத் தீவு மக்கள் வணங்கும் பாறை அது. சேம்பைக் கவனித்தால் பூ, காய், பழுத்தது, அழுகத் தொடங்கியது எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். எந்த ஒரு நாளிலும் அப்படிப் பார்க்க முடியாது. அந்தச் செடிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் குடியிருந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். சுற்றுலாப் பயணிக்குக் கடல் முழுதாகத் தெரியும், குடியிருப்பவனுக்குச் செடிகளின் இடுக்கில்தான் தெரியும். நீ அனுப்பிய கடல் படங்கள் எல்லாவற்றிலும் அடிவானம் தடையில்லாமல் ஓடுகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்தப் படங்களைப் பற்றித்தான், உயிரைச் சீவி வரைந்தவை, எவ்வளவு கொடுத்தாலும் விற்க மாட்டேன், எம்மா மகாராஜாவுக்கு எடுத்துப்போகும் பரிசு என்று எழுதினார். எம்மா நம் எமதர்மன்தான், பௌத்தத்தோடு அவ்வளவு தூரம் போனவர். இந்த வரியைப் படித்துவிட்டு வறுமைதான் கலைக்குத் தாய் என்று பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. திட்டத்தின் கடைசி வரியான கண்காட்சி அவர் உயிரோடிருக்கும்வரை நடக்கவே இல்லை. 1977 செப்டம்பரில், புது வாடகை வீட்டுக்கு மாறிய சில நாட்களில், இரவுச் சமையல் செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 69. 1979-இல் தீவுக்காரர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். 1984-இல் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2001-இல் அமாமியின் பழைய விமான நிலைய இடத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகமே எழுந்தது. எல்லாம் நல்லதுதான். ஒரு பத்தாண்டு முன்னால் யாராவது அவருக்கு ஒரு கூடத்தை இரண்டு வாரம் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

சரி, அந்தமானுக்கு வருவோம். உன் கடிதத்தில் கடலின் நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, வாடகையைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே பகலில் என்ன வேலை செய்யப்போகிறாய், எத்தனை ஆண்டு வேலை, எத்தனை ஆண்டு படம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. கண்காட்சிக்கான கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கென்று இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். அம்மாவிடம் மட்டும் நீயே சொல்லிக்கொள். அந்த வேலையை என் தலையில் கட்டாதே.

அன்புடன்,
அக்கா