மூன்றாவது குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சிவராத்திரியன்று கோணேசர் கோவிலில் கண்விழிக்க என் மகளால் வர முடியவில்லை. திருகோணமலை நகரிலுள்ள ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை. பகல் முழுவதும் கடையில் நின்ற கால்களோடு சுவாமிமலை ஏற இயலாது என்று படுத்துவிட்டாள். எனக்குக் கோபம் பொறுக்கவில்லை. அரசாங்கமே விடுமுறை விட்ட நாளில் பிள்ளைகளிடம் வேலை வாங்க இவர் யார் என்று மறுநாள் காலை முதலாளியிடம் போனேன். சாட்சிக்குக் கலண்டரையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது அவர் கடையிலேயே புதுவருடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது!

அவர் சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்தக் கட்டத்தின் அடியில் இருந்த சின்னக் குறிகளைக் காட்டினார். "ஐயா, அரச விடுமுறைக்கு ஒரு குறி, வங்கிக்கு ஒரு குறி. மூன்றாவது குறி இதில் இருக்கிறதா, பாருங்கள்" என்றார். இல்லைதான். முப்பது வருடத்துக்கு மேல் கந்தோரில் பேனா பிடித்தவன் நான். சிவப்பு எழுத்தைப் பார்த்தால் லீவு என்பதற்கு மேல் அந்தக் குறிகளைப் பற்றி யோசித்ததே இல்லை.

அந்த மூன்றாவது குறி வர்த்தக விடுமுறைக்கானது. அரச, வங்கி விடுமுறைகள் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தின் கீழ் வருபவை. கடைப் பிள்ளைகளுக்கோ 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதன் பட்டியலில் மொத்தம் எட்டு நாட்கள்: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரை வருடப் பிறப்புக்கு முதல்நாள், வருடப் பிறப்பு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். சிவராத்திரி அதில் இல்லை, தீபாவளியும் இல்லை. கிண்ணியாவிலிருந்து அதே கடைக்கு வரும் பையனுக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. கல்லாவில் இருக்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பெரிய வெள்ளி இல்லை. மதத்துக்கு ஒரு நாள் என்று யாரோ உட்கார்ந்து பங்கு வைத்ததுபோல இருக்கிறது. மற்றப் பெருநாட்களுக்கு அவர்கள் தங்கள் ஆண்டு லீவு 14 நாளிலிருந்துதான் வெட்டிக்கொடுக்க வேண்டும்.

விடுமுறை என்பது வானத்தில் எழுதிவைத்த ஒன்றல்ல என்பதை என் வயதினர் அனுபவித்தே அறிந்திருக்கிறோம். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். சந்திரன் பார்த்து, பௌத்தர்களின் போயா நாட்களே (அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள்) வாராந்த விடுமுறை. சில கிழமைகள் நீளும், சில குறுகும். ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு வகுப்புக்கு ஓடிவந்த கத்தோலிக்க நண்பர்கள் இன்றும் என் கண்ணில் நிற்கிறார்கள். 1971இல் வந்த சட்டம்தான் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் தந்து, பௌர்ணமி நாளை மட்டும் விடுமுறையாக வைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மாற்றத்தையே ஒரு சட்டம் செய்து, இன்னொரு சட்டம் குலைத்திருக்கிறது. எட்டு நாள் பட்டியலில் தீபாவளியையும் ஒரு பெருநாளையும் சேர்ப்பது அதைவிடக் கடினமா? தொழில் அமைச்சு இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆக, சிவராத்திரி விடயத்தில் முதலாளி சரி, நான் பிழை. மன்னிப்பும் கேட்டேன். வீட்டுக்கு வந்து மகளைத் துருவிக் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பௌர்ணமிப் போயா நாட்களிலும் கடையின் ஒரு கதவு பாதி திறந்திருக்குமாம். போயாவன்று சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டிக் கிடக்கும், புடவைக் கடைக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் அன்று ஊழியரிடம் வேலை வாங்கினால் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதே விடுமுறைச் சட்டம் சொல்கிறது. மகளுக்குக் கிடைப்பது ஒரு தேநீரும் ஒரு பணிசும். குறிகளை அவ்வளவு நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு இந்த வரி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

உங்கள் பத்திரிகையும் வருடா வருடம் விடுமுறை நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அடுத்த முறை அந்த மூன்று குறிகளும் யார் யாருக்கு உரியவை, எந்த நாளில் வேலை செய்தால் என்ன சம்பளம் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கடைச் சுவரில் வெட்டி ஒட்டக்கூடிய அளவில் போட்டால் இன்னும் நல்லது.

முதலாளியிடம் திரும்பவும் போவதற்கு நான் ஆயத்தம். மகள்தான் விடுகிறாள் இல்லை. தீபாவளிக்கு முன் வாயைத் திறந்தால் போனஸ் போய்விடுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர்,
திருகோணமலை.