ஆறு தோசை சாப்பிட்ட அப்பா எழுதுவது

பினாங்கு
ஜூலை, ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

பசியாறிட்டியா? மெல்பர்ன் நேரம் நம்மைவிட இரண்டு மணி முன்னால். நீ இன்னும் போர்வைக்குள்தான் இருப்பாய்.

போன வாரம் போனில், "உடம்புக்கு நல்ல தோசை எப்படிச் சுடுவது, ஒரு வரியில் சொல்லுங்கப்பா" என்றாய். ஒரு வரியில் வராது. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். நான் தப்பாக எழுதினால் பிடிப்பதற்கென்றே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

போன வருஷம் கிளினிக்கில் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று சொன்னது உனக்குத் தெரியும். 2023-இல் அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இருக்கிறதாம், ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள். நம் ஆட்களிடம் இன்னும் கூடுதல். உனக்குத் தெரியாதது, அதற்கப்புறம் நான் செய்த கூத்து. கேழ்வரகு நல்லது, கேழ்வரகு நல்லது என்று கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சரி என்று அரிசித் தோசையை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுத் தோசைக்கு மாறினேன். மருந்துதானே என்று காலையில் ஆறு. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, கூடவே வழக்கம்போல இனிப்புப் பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரிக். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 13.1 (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). கிளினிக்கில் 8.5-க்குள் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் புது ஊசி போட்டுத் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். 5.9. மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

கேழ்வரகு மேல் குற்றம் சொல்ல மாட்டேன். 100 கிராமில் 340 மில்லிகிராம் போலச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது பேருக்குத்தான். ஆனால் கேழ்வரகிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நைசாகத் திரித்த மாவு என்றால் இரத்தத்தில் இன்னும் வேகமாக ஏறும். அதிலும் ஆறு! இப்போது நான் மாவு கரைக்கும்போது பருப்பு எவ்வளவு விழுகிறது என்றுதான் பார்க்கிறேன். உளுந்து, பச்சைப் பயறு இரண்டிலும் 100 கிராமுக்கு 24 கிராம் அளவுக்குப் புரதம். கேழ்வரகில் 7 கிராம்தான். தே தாரிக்கும் போய்விட்டது. மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் உட்கார்ந்ததுமே 'தே ஓ கோசோங்', பாலும் சீனியும் இல்லாத டீ, என்று சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் கஷாயம் மாதிரி இருந்தது.

உன் ஊர்க் குளிரில் முதலில் பச்சைப் பயறுத் தோசையில் ஆரம்பி. புளிக்க வைக்கிற வேலையே இல்லை. சின்ன வயதில் கெடா எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பாட்டி இருந்தார். அவர் அதைப் 'பெசரட்டு' என்பார். எங்களுக்குப் பச்சைத் தோசை. கல்லில் மாவை ஊற்றியதும் கொட்டாங்கச்சி அகப்பையின் முதுகால் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே வருவார். அகப்பை கல்லைத் தொடவே தொடாது, மாவின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஓரம் சிவந்து தானாகக் கிளம்புகிற வரைக்கும் கரண்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோக மாட்டார். நாங்கள் வாசற்படியில் காத்துக் கிடப்போம்.

தோலோடு இருக்கிற முழுப் பச்சைப் பயறு ஒரு கப், பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி. காலையில் வேலைக்குப் போகும்முன் ஊறப்போட்டால் சாயங்காலம் அரைக்கலாம். ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து பிளெண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரை. ரொம்ப நைஸ் வேண்டாம். ஏழெட்டு தோசை வரும். உன்னிடம் இருப்பது ஒட்டாத கல். அது அதிகமாகக் காய்ந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு தோசைக்கு முன்னாலும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஊற்று. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவி அழுத்திவிடு. எண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும். எல்லாத் தோசைக்கும் எண்ணெய்தான் கணக்கு என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பாதி சட்டி தேங்காய்ச் சட்னியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாம்பாரில் காயை அள்ளிப் போட்டு அதை நிறைய ஊற்றிக்கொள்.

கேழ்வரகுத் தோசையும் வேண்டும் என்றால், ஒரு கப் உளுந்துக்கு இரண்டு கப் கேழ்வரகு மாவு, அரைக் கப் இட்லி அரிசி. அம்மா இப்போதுதான் குறுக்கே வந்தாள்: "வெந்தயம் எழுதினீங்களா?" எழுதுகிறேன். ஒரு தேக்கரண்டி வெந்தயம், உளுந்தோடு ஊற வேண்டும். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டுப் பொங்கப் பொங்க அரைத்து, அரிசியையும் அரைத்துச் சேர்த்து, கேழ்வரகு மாவைக் கடைசியில் போட்டுக் கையாலேயே கட்டியில்லாமல் கலந்து வை. புளிக்க வைக்கிற கிருமி உளுந்தோடேயே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். புளிக்கும்போது தானியத்தில் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்திருக்கும் பொருள் குறைந்துவிடும். உடம்புக்கு அந்தச் சத்துகள் கூடுதலாகச் சேரும். இங்கே ராத்திரி வைத்தால் காலையில் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே அப்படி நடக்காது. ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தை அதற்குள் வை. மறுநாள் மதியம் வரைக்கும் பொறுமையாக இரு. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் அடையாளம்.

மாவு வாங்கும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. நீ படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளி முதல் வருஷம்) படிக்கும்போது முனைக்கடைக்கு 'ராகி', நம் கேழ்வரகுதான், வாங்கி வா என்று அனுப்பினேன். கடைக்கார மலாய் அம்மா, மாக்சிக், வெள்ளை வெள்ளையாக வட்ட வில்லை நாலு கொடுத்துவிட்டார். மலாயில் ராகி என்றால் தாப்பாய் என்ற புளித்த சோற்றுப் பண்டம் செய்யப் போடுகிற ஈஸ்ட்! அம்மா அதைப் பார்த்து, "தோசை சுடச் சொன்னா சாராயம் காய்ச்சவா?" என்றாள். மெல்பர்ன் பக்கம் டான்டெனாங்கில் நம் ஆட்கள் மளிகைக் கடை நிறைய இருக்கிறது என்றாயே, அங்கே அந்தக் குழப்பம் வராது. இங்கிருந்து பருப்பு அனுப்பலாம் என்றால் உங்கள் ஊர் சுங்கத்தில் கெடுபிடி அதிகம். இரும்புக் கல்லை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். தபால் செலவுக்கு அங்கேயே மூன்று கல் வாங்கலாம்.

அடை பற்றி அம்மாவே போனில் சொல்வாளாம். இந்தக் கீரை அதற்குத்தான்.

எத்தனை சாப்பிட்டாய் என்று மறக்காமல் எழுது. நான் இன்றைக்கு இரண்டு. அம்மா மூன்று என்கிறாள். திருப்பும்போது பிய்ந்துபோனதையெல்லாம் ஒன்று என்று எண்ணக் கூடாது என்பது என் கட்சி.

அன்புடன்,
அப்பா