மனையில் ஒரு குச்சி நடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கண்புரை அறுவை. இடக்கண் முடிந்துவிட்டது, வலக்கண் அடுத்த மாதம். வெளிச்சத்தைக் கண்டாலே கூசும் நேரம் பார்த்து வெயிலைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறாய்.

மனை வாங்கிய செய்தியில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. நீ அனுப்பிய வரைபடத்தை இரவல் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிழக்கு மேற்காக நீளம், வடக்கு தெற்காகக் குறுகல், மேற்கே சாலை. "காலையில் கிழக்கு, உச்சியில் தெற்கு, மாலையில் மேற்கு, வடக்கே வெயிலே வராது. அதனால் பெரிய ஜன்னல்களை வடக்கில் மறைப்பில்லாமல் வைத்துவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். வடக்கைப் பற்றிய வரி உன் மனைக்குப் பொருந்தாது.

உன் மனை 11 டிகிரி வட அட்சத்தில், அதாவது நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியனோ 23.4 டிகிரி வடக்கு வரை போய்த் திரும்புகிறது. அதாவது உன் தலைக்கு மேலே கடந்து அப்பால் போகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சிக்கு நேரே வரும். பிறகு ஆகஸ்ட் நாலாம் வாரம் திரும்பி வரும்போது மறுபடி ஒருமுறை. இடைப்பட்ட நாலு மாதமும் உதயம் முதல் அஸ்தமனம் வரை சூரியன் உனக்கு வடக்கேதான். அந்த நாலு மாதம் உன் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழாது. இதை முதல்முறை சொல்லும்போது யாரும் நம்பியதில்லை. எனக்கே, வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் கழித்து, வடக்குச் சுவரில் புதிதாக அடித்த சாயம் வெளுத்தபோதுதான் உறைத்தது.

கிழக்கு என்று நாம் சொல்வதும் ஒரு புள்ளி அல்ல. சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில் மட்டும். உன் மனையில் ஜூன் 21 அன்று அதிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பர் 22 அன்று அதே அளவு தெற்கே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. ஐந்து முஷ்டி அகலத்துக்கு உதயம் ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்.

நம் அறையிலிருந்த மூன்றாமவன் 50 டிகிரி வட அட்சத்தில் போய்க் குடியேறினானே, அவனுக்கு இந்த ஊசல் இன்னும் பெரிது; பக்கத்துக்கு 38 டிகிரி. அங்கே டிசம்பர் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிக்கு மேல் ஏறாது. முப்பதடி உயரக் கட்டடம் நூறடி நிழல் போடும். அவன் வீட்டுக்குத் தெற்கே ஒரு கட்டடம் எழும்பியதிலிருந்து குளிர்காலம் முழுவதும் கூடத்தில் விளக்கு எரிகிறது என்று புலம்புகிறான். அதே உயரக் கட்டடம் உன் மனைக்குத் தெற்கே வந்தால் டிசம்பர் நண்பகல் நிழல் இருபதடியோடு நின்றுவிடும். ஆகவே அவனுக்குச் சொல்லும் யோசனை உனக்கு ஆகாது. அவன் தெற்கே கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே அழைக்க வேண்டியவன். நீ வாசலிலேயே நிறுத்த வேண்டியவன். (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே யாராவது உன்னிடம் யோசனை கேட்டால், வடக்கு தெற்கை மாற்றிச் சொல்.)

நிறுத்துவதற்கு எவ்வளவு சன்ஷேடு வேண்டும் என்று கேட்பாய். நாலடி உயர ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகலில் தெற்கு வெயில் ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜன்னல் முழுவதும் நிழலாக 2 அடி 9 அங்குலம் நீட்ட வேண்டும். ஜூன் நண்பகலில் வடக்கு வெயில் ஏறக்குறைய 78 டிகிரி. அதற்கு ஓரடிக்கும் குறைவாகவே போதும். ஆனால் ஜூனில் காலையும் மாலையும் வெயில் வடக்குச் சுவரில் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதை மேலிருக்கும் சன்ஷேடு தடுக்காது. ஜன்னலின் இரு பக்கமும் நிமிர்ந்த தடுப்பு வேண்டும். ஆக, வடக்கில் பெரிய ஜன்னல் வை, மறைப்போடு வை.

இப்போது மேற்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். உன் வரைபடத்தில் சாலையைப் பார்த்தபடி கூடத்துக்கு முழுச்சுவர்க் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மார்ச் மாதம் சூரியக் கணக்கில் (சூரியன் உச்சிக்கு வருவதைப் பன்னிரண்டு மணி என்று வைத்து) மாலை நாலரை மணிக்கு வெயில் 22 டிகிரி உயரத்தில் நேர் எதிரே நிற்கும். அதே நாலடி ஜன்னலை மறைக்கச் சன்ஷேடு கிட்டத்தட்ட பத்தடி நீள வேண்டும். யார் கட்டுவார்கள்? காலையிலிருந்து காற்றும் தளமும் சூடேறிக் கிடக்கிற நேரத்தில் மேற்கு வெயில் வந்து சேர்கிறது. கிழக்கு வெயிலும் அதே உயரத்தில்தான் வரும், ஆனால் இரவின் குளுமை மிச்சமிருக்கும்போது வருகிறது. மேற்குச் செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை நீ படுக்கப்போகும் நேரத்துக்குத்தான் உள்ளே விடும்.

அனுபவத்தில் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் திசை சொன்ன நான், என் படிப்பறையை மேற்கே வைத்தேன், அஸ்தமனம் பார்க்கலாம் என்று. ஒரு கோடை முழுவதும் பார்த்தேன். மறு வருடம் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, அதற்கு முன்னால் கொடிப்பந்தல். மனைவி இன்றைக்கும் அந்த அறையை அடுக்களைக்கு அடுத்த அடுப்பு என்கிறாள்.

சாலை மேற்கே என்பதால் வீடும் மேற்கே பார்க்க வேண்டியதில்லை. வாசல் அங்கே இருக்கட்டும். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் அடுக்கிவிடு. சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். வசிக்கும் அறைகள் நீளவாக்கில் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மனையின் நீளமே உனக்கு அதற்கு வழிவிட்டிருக்கிறது. இது பணம் கொடுத்தும் வாங்க முடியாத வசதி. மொட்டை மாடிதான் எல்லாச் சுவர்களையும் விட அதிக வெயில் வாங்கும், அதைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. மனையில் வடக்கு எது என்று திசைகாட்டியை நம்பி முடிவு செய்யாதே. காந்த வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு. பக்கத்தில் கம்பிக் கட்டு கிடந்தால் முள் இன்னும் பொய் சொல்லும். சமதளத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடு. காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. நெடுநல்வாடையில் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கோல் நட்டுக் கயிறிட்டு அரண்மனைக்குத் திசை பார்ப்பார்களே, அதன் உறவுமுறைதான் இது. உன் அட்சத்தில் உச்சி நிழல் குட்டையாக இருப்பதால் இரண்டு புள்ளி முறை உனக்கு வசதி. ஜூன், டிசம்பர் கடைசியில் செய்தால் பிழை குறைவு, சூரியன் அப்போது தெற்கு வடக்காக நகர்வதே தெரியாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாளுக்கு 0.4 டிகிரி ஓடும்.

அஸ்திவாரத்துக்குக் கோடு போடுவதை டிசம்பர் வரை தள்ளிப்போட முடியுமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேள். அதற்குள் என் வலக்கண்ணும் சரியாகிவிடும். வட்டத்தை நான் வந்து போடுகிறேன். குனிந்து புள்ளி வைக்கிற வேலை உன்னுடையது, என் முழங்கால் ஒத்துழைக்காது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்