காரவள்ளியில் கைகொடுத்த ஐயாவுக்கு நன்றி

போன வாரம் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் என் பழைய சிஜே 3பி ஜீப்பைச் சரிசெய்து கொடுத்த ஐயாவுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டு டீ கிளாஸை நீட்டினார்.

70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய வண்டி. ஸ்டியரிங் கையை உதறியது. முன் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும் என்று பயந்தேன். அவர் ஜாக்கி வைத்து, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினார். வீல் பேரிங் கோளாறு என்றால் பிரேக்கை மிதித்ததும் குறைய வேண்டிய ஆட்டம் குறையவில்லை. "வீல் பேரிங் இல்ல தம்பி, கிங்பின் பேரிங். ஆக்ஸில் நல்லாத்தான் இருக்கு."

கிங்பின் என்பது முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு; அந்த அச்சில் திரும்பும் முட்டிதான் நக்கிள். அதைக் கழற்றினால், உள் ஆயில் சீல் கிழிந்து கியர் ஆயில் கலந்து, கிரீஸ் கஞ்சியாகக் கிடந்தது. பேரிங்கின் வெளி வளையமான கப்பில் உருளைகள் பதிந்த பள்ளத்தை என் விரலை வைத்துத் தடவிக் காட்டினார்.

நாமக்கல்லிலிருந்து பேரிங், சீல் வந்தன. அப்புறம் பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யும் ஷிம். அந்த மெல்லிய தகடு ஒன்றை எடுப்பார், மூடியை இறுக்குவார், ஸ்பிரிங் தராசை மாட்டி நக்கிளை இழுத்துப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். ஐந்து முறை! அவசரமே இல்லை.

கூலியும் பாதிதான் வாங்கினார். ஐயா, அன்று மாலையே மலைமேல் உள்ள செம்மேடு போய்ச் சேர்ந்தோம். ஸ்டியரிங் துளியும் உதறவில்லை. மனமார்ந்த நன்றி.