மூடி கையாலேயே அமர வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பைக்கின் கிளட்ச் தட்டுகளை மாற்றிவிட்டதாகவும், எஞ்சினின் வலப்பக்க மூடியைப் பூட்டுவது மட்டுமே பாக்கி என்றும் எழுதியிருந்தாய். அந்த 'மட்டும்' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தாள்தான் பேக்கிங். பழைய பேக்கிங் ஒட்டியிருக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதே. அலுமினியம் மிருதுவானது, நகத்தில் தட்டுப்படும் ஒரு கீறல் விளிம்புக்குக் குறுக்கே ஓடினாலும் எண்ணெய் அதன் வழியே வெளியேறிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடு. துணுக்குகள் உள்ளே விழாதபடி துணியை அடைத்துக்கொள். முடித்ததும் அதை மறக்காமல் வெளியே எடு. போல்ட் துளைகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துவிடு. அடிப்பக்கம் மூடிய துளையில் தேங்கும் எண்ணெய் அமுங்காது என்பதால், இறங்கும் போல்ட்டின் அழுத்தம் முழுவதும் துளையின் சுவரைத் தாக்கி அதை விரிசலுறச் செய்யக்கூடும்.

அடுத்து டவல் பின்கள், அதாவது மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே செருகியிருக்கும் சிறு உலோக முளைகள். அவை சில நேரம் கழற்றிய மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டும் தத்தம் துளையில் இருக்கின்றனவா என்று பார். மூடியை அதன் சரியான இடத்தில் நிறுத்துவது அந்தப் பின்கள்தான். போல்ட் துளைகள் போல்ட்டைவிடச் சற்றே பெரியவை ஆகையால், பின் இல்லாத மூடி மயிரிழை நகர்ந்து நிற்கும். உதைத்து வண்டியைக் கிளப்பும் கிக்கரின் தண்டு மூடி வழியே வெளிவரும் இடத்தில், அதைச் சுற்றியுள்ள சீல் என்ற ரப்பர் வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பேக்கிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே கசியும்.

கசிவை அடைக்கத் தடவும் பேஸ்ட்டைக் கண்டால் எனக்கு எரிச்சல் என்பது உனக்குத் தெரியும். புதிய காகித பேக்கிங்குக்கு, தயாரிப்பாளரின் கையேடு சொன்னாலன்றி, அது தேவையில்லை. பேக்கிங் இல்லாமலே பூட்டும்படி அமைந்த இணைப்பிலும், மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் இருக்கும் பக்கத்தில் ஒயர்கள் வெளிவரும் ரப்பரைச் சுற்றியும் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து எண்ணெய் சல்லடையை அடைத்தால், கசிவைவிடப் பெரிய செலவு.

இனி முக்கியமான இடம். கிக்கர் தண்டின் பற்கள் சீலின் உதட்டைக் கிழிக்காதிருக்க, பற்களின் மேல் மெல்லிய டேப்பைச் சுற்றி, உதட்டில் எண்ணெய் தடவி, மூடியை நேராகத் தள்ளு. அது கைவிசையிலும் ரப்பர் சுத்தியலின் இரண்டொரு மெல்லிய தட்டலிலும் முழுமையாக அமர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி நின்றுவிட்டால், போல்ட்டை முறுக்கி அதை மூடிவிடலாம் என்று தோன்றும். கூடாது அம்மா. உள்ளே ஒரு வாஷர் சாய்ந்திருக்கலாம், பற்சக்கரங்கள் பல்லோடு பல் முட்டி நிற்கலாம், கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல் கோணலாக இருக்கலாம். போல்ட்டால் இழுத்தால் மூடியோ எஞ்சின் உடலோ உடையும். மூடியை எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடு. போல்ட்டின் வேலை அமர்ந்த மூடியைப் பிடித்து வைப்பதே.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீ அட்டையில் குத்தி வைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால், முறுக்குவதற்கு முன் எல்லாவற்றையும் துளைகளில் போட்டுப் பார். தலைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையானது நாலு மரையில் மட்டும் பிடித்து மரையைப் பிடுங்கிவிடும். நெட்டையானது அடியில் முட்டி, இறுகியதுபோல் ஏமாற்றும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்கு. 6 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்று.

எண்ணெய் ஊற்றி, எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றிலும் உலர்ந்த விரலால் தடவிப் பார். ஈரம் தட்டினால் மேலும் முறுக்காமல் திரும்பவும் கழற்று. இன்னொரு பேக்கிங் இப்போதே வாங்கி வைத்துக்கொள். கிளட்ச் கேபிளின் தளர்வைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதே.

அன்புடன்,
அப்பா